முதலில் சொன்ன விலை

...ஏழு என்றால் ஏழுதானாம், எட்டாவதுக்கு இடமே இல்லையாம், முனீராவும் தன்னால் ஆன மட்டும் பேசிப் பார்த்துவிட்டாள், பத்தில் ஆரம்பித்தாள், ஒன்பதுக்கு இறங்கினாள், "சரிம்மா, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், எட்டா முடிச்சுக்குவோம்" என்று எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தும் காட்டினாள், வாசலைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள் என்பது அவள் அறுபது வருஷமாகக் கண்ட வழக்கம், ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் கூப்பிடவில்லை, ஏர்கான்தான் உஸ் என்றது, அவளே அசடு வழியத் திரும்பி வந்து உட்கார வேண்டியதாயிற்று. நிவேதிகா சிரித்துவிட்டாள், நல்ல பெண், காத்தோங் பக்கத்து யாழ்ப்பாணக் குடும்பம், பேரப்பிள்ளை வயது இல்லை, மகள் வயது, "ஆன்ட்டி, இது டெக்கா மார்க்கெட் இல்ல லா, நான் பெரிய மனசு பண்ணி ஒண்ணு சேர்த்துத் தர முடியாது, மூளைக்குள்ள வைக்கிற அந்தக் கம்பிக்கு அவ்வளவுதான் கெப்பாசிட்டி, ஏழு விஷயம், ஒவ்வொண்ணும் ஒரே ஒரு வரி." அதோடு விட்டாளா, "போட்டது போட்டதுதான் ஆன்ட்டி, அப்புறம் எடுக்க முடியாது" என்றும் சொன்னாள். எங்கள் கடையில்கூட மூன்று நாளைக்குள் ரசீதோடு வந்தால் பெட்டியை மாற்றித் தருவோமே, ஒரு மனுஷன் தலைக்குள் வைப்பதற்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இப்போது அந்தத் தாள் கல்லாமேசைக் கண்ணாடியின்மேல் கிடக்கிறது, காற்றில் பறக்காமல் இருக்கக் கால்குலேட்டரைத் தூக்கி வைத்திருக்கிறாள், ஏழு கோடு, ஐந்து நிரம்பியிருக்கிறது, இரண்டு காலி, ஐந்து மணிக்கு நிவேதிகாவே வந்து வாங்கிக்கொள்வாள், மணி மூன்றே முக்கால், வெளியே டன்லப் தெருவில் மழை இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஏழு வரிக்குள் ஒரு மனுஷனுக்கு வேண்டியதை அடுக்க வேண்டும். அடுக்குவது தெரியாதவளா அவள், முப்பத்தெட்டு வருஷமாகப் பயணப்பெட்டி விற்கும் கடையில் நிற்கிறவள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிராஞ்சி டார்மிட்டரியிலிருந்து கட்டட வேலைப் பிள்ளைகள் ஊருக்குப் போக வாங்கிய சாமான்களோடு வந்து விழுவார்கள், இங்கேயே தரையில் பெட்டியைத் திறந்து பால்மாவு டின், சாக்லேட், கோடாலித் தைலம், அக்காள் மகளுக்கு ஒரு பேசும் பொம்மை என்று திணித்துத் தொங்கு தராசில் மாட்டினால் முப்பத்தாறு கிலோ காட்டும், விமானத்துக்கு முப்பதுதான், பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும்போது அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எதை எடுப்பது, தைலம் அப்பாவுக்கு, பொம்மை பிள்ளைக்கு, கடைசியில் தன் சட்டைகளை எடுத்துவிட்டுப் போவான். அதெல்லாம் பார்த்துப் பழகியவள்தான். ஆனால் அங்கே பெட்டிக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் நின்று இதை எடு, அதை வை என்பான், இங்கே சொந்தக்காரர் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கருப்புப் பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார், தன் தலை ஒரு பெட்டியாகத் திறந்து வைக்கப்பட்டிருப்பது அவருக்குத் தெரியாது, சொன்னாள், நேற்றே சொன்னாள், இன்று காலையில் இரண்டு தடவை சொன்னாள், "நல்லதுதானே, செய்யட்டும்" என்று ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடத் தயாரானார், கால் மணி நேரத்தில் மறந்தார்.

கால் மணி நேரம், அவ்வளவுதான் அவள் புருஷன் யாக்கூபின் காலம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்து பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தார், எழுந்தபோது ஆள் முழுசாக இருந்தார், பழைய சரக்கு ஒன்றுகூடச் சேதமில்லை, 1986இல் முனீராவின் வாப்பா சீர் கொடுத்த சுவர்க்கடிகாரத்தின் சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுவரை தெரியும், மலாய் பேசுவார், ஹொக்கியன் பேசுவார், வங்காளத்தில் விலை சொல்வார், புதுச் சரக்குதான் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது, கதவண்டை வந்து கால் மணி நேரம் நிற்கும், பிறகு போயே போய்விடும். இந்த ஆய்வுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றால், கதவு அடைத்துக் கிடந்தால் என்ன, நாங்கள் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கிவிடுகிறோம் என்கிறார்கள், அவர் தூங்கும்போது மெல்லிய கம்பி வழியாக ஒவ்வொரு வாரமும் ஒரு வரி, காலையில் எழும்போது அது அங்கே இருக்கும், யாரும் சொல்லிக் கேட்டதாக நினைவிருக்காது, படித்ததாக நினைவிருக்காது, தன் பெயர் தனக்குத் தெரிகிற மாதிரி தெரியும். இதை முதன்முதலில் கேட்டபோது முனீராவுக்கு உடம்பு சிலிர்த்தது, ஆச்சரியமா பயமா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை, பக்கத்துப் பூக்கடை பாக்கியலட்சுமிக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை, விஷயம் காதில் விழுந்த மறுநாளே ஓடி வந்தாள், "மாமி, எங்க ரித்திக்குக்கு ஓ லெவல் பரீட்சைத் தமிழை அப்படியே ஏத்தி விடுவாங்களாமா? டியூஷனுக்கு அலைஞ்சு மாளலை." நோயாளிக்கு மட்டும்தான் என்று முனீரா சொன்னதற்கு, தமிழில் அவன் நோயாளிதான் என்றாள். சிரித்தார்கள். ஆனால் அந்த இரவு முனீரா நினைத்தாள், அப்படி ஏற்றிவிட முடிகிற காலம் வந்தால் இந்த ஊரில் முதல் வரிசையில் நிற்கப்போவது நாம்தான், எந்தக் குழந்தைக்கு எதை ஏற்றுவது என்று பக்கத்துவீட்டுப் பட்டியலை எட்டிப் பார்த்துக்கொண்டு...

"போணி ஆச்சா?" என்றார் யாக்கூப், நாற்காலியிலிருந்து. இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆச்சு என்றும் சொல்ல முடியாது, ஆச்சு என்றால் யார் வாங்கினது, என்ன பெட்டி, எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்டுவிட்டு மறுபடி மறப்பார், "இப்பத்தான கடையைத் திறந்தோம் மச்சான்" என்றாள். மச்சான் என்றுதான் இன்றும் கூப்பிடுகிறாள், மாமி மகன்தானே. இந்தப் போணி இருக்கிறதே, அதுதான் இந்தக் கடையின் பெரிய வேடிக்கை, நாளின் முதல் வியாபாரத்தைத் தட்டிக் கழிக்கக் கூடாது, அடித்துப் பேசக் கூடாது, கேட்ட விலைக்குக் கொடுத்துப் பிஸ்மில்லா சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாப்பா காலத்து ஒழுக்கம், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை காலை புதிதாக விடிகிற மனுஷருக்கு வருகிறவனெல்லாம் போணி. தெருவுக்கே தெரிந்துவிட்டது. போன மாதம் ஒருத்தன் வந்து எழுபது வெள்ளி விலையுள்ள பெட்டியை முப்பதுக்குக் கேட்டான், இவர் போணியாச்சே என்று கொடுத்தார், அரை மணி நேரம் கழித்து அதே ஆள் தன் சிநேகிதனுக்கு என்று இன்னொன்று கேட்டு வந்தான், இவர் முகமெல்லாம் மலர்ந்து வாங்க வாங்க என்கிறார், பணத்தைக் கைப்பேசியில் தட்டிவிட்டான், ஒற்றிக்கொள்ள நோட்டு இல்லையே என்று அவனுடைய கைப்பேசியையே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முனீராவுக்கு அவனை விளக்குமாற்றால் அடிக்கத் தோன்றியது. ஆனால் அவர் முகம்... ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் மனுஷனுக்குக் கிடைக்கிற அந்தச் சந்தோஷம் இவருக்கு இருபது தடவை கிடைக்கிறது, அதை எந்த மருந்துக்கடையில் வாங்குவது?

மகன் ஆரிஃப் அதற்குத்தான் வேட்டு வைக்கிறான். அவன் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது, முதல் வரியே "இன்றைய போணி முடிந்துவிட்டது." போனைப் போட்டுக் கேட்டாள், "ஏம்பா, நாளைக் காலையிலயும் அதுதானே அவருக்குத் தெரியும், நாளைன்னிக்கும் அதானே, அப்ப இனிமே அவர் ஆயுசுக்கும் முதல் ஆளே வர மாட்டானா?" "உம்மா, பீ பிராக்டிகல் லா, வாப்பாவை ஏமாத்துறாங்க, அதை நிறுத்தணும்" என்றான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் கஷ்டம், யார் சொல்வதிலும் தப்பில்லை. போணியை அவள் எழுதவில்லை. எழுதிய ஐந்தும் யாரும் சண்டைக்கு வர முடியாதவை: உங்களுக்குக் காய்ச்சல் வந்து புது ஞாபகம் நிற்பதில்லை, பயப்பட வேண்டாம். வீடு இப்போது நாலாவது மாடி, கழிவறை இடது கைப்பக்கம் இரண்டாவது கதவு. சர்க்கரை இருக்கிறது, டீயில் சீனி வேண்டாம். ஆரிஃபுக்குப் பெண் குழந்தை, பெயர் ஆயிஷா. தனியாக வெளியே போகக் கூடாது. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டிய விதிமுறை மாதிரி இருந்தது, ஆயிஷாகூட அதில் ஒரு விதி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றாள். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் கையில் வாங்கி, "மூக்கு நம்ம பக்கம்" என்று சொன்னாரே, அது இறங்கவில்லை, இனி மூக்கு இல்லாமல் பெயர் மட்டும் இறங்கும்.

அதோடு இன்னொரு உறுத்தலும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து யாக்கூபிடம் எந்தச் செய்தி சொன்னாலும் திருப்பி வருகிற முதல் கேள்வி, "யார் சொன்னா?" விலை ஏறிவிட்டது என்றால் யார் சொன்னா, மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் சொன்னா, சொன்ன வாயை வைத்துத்தான் சொன்ன விஷயத்தை எடை போடுவார், இன்னார் சொன்னானா, அப்படியானால் பாதியைக் கழி. இனி நாளைக்கு ஒரு விஷயம் தலைக்குள் உட்கார்ந்திருக்கும், யார் சொன்னா என்று அவர் தனக்குள் தேடுவார், ஆள் இருக்காது. விலைச்சீட்டு ஒட்டின பெட்டி மாதிரி. சொன்னவன் இல்லை, பேச்சும் இல்லை, விலை மட்டும் பளிச்சென்று...

விலைச்சீட்டு என்று நினைத்துவிட்டாள், இனி ஹுசைன் வந்துவிடுவான். நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தாள், ஆறாவது கோடு அவனுக்கென்று வைத்த கோடு. யாக்கூபுக்கு எட்டு வயது இளையவன், உட்லண்ட்ஸில் வீடு, முப்பது வருஷம் அண்ணனோடு இதே கடையில் நின்றவன். ஒருநாள் அண்ணன் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில் டிக் டிக் என்று அடித்து ஒட்டுகிற ஒரு கருவியைக் கொண்டு வந்து கடையிலிருந்த நூற்றுச் சொச்சம் பெட்டிக்கும் ஆரஞ்சு நிறத்தில் விலைச்சீட்டு ஒட்டிவிட்டான், "இப்ப உள்ள பிள்ளைங்க பேரம் பேசக் கூச்சப்படுறாங்க மச்சி, விலை எழுதலேன்னா உள்ளேயே வர மாட்டேங்குது" என்று தன் மச்சியிடம், அண்ணன் பெண்சாதி முனீராவிடம், சொன்னான், அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது, அவள் தடுக்கவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. தொழுதுவிட்டு வந்த மனுஷர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆரஞ்சு ஆரஞ்சாகக் கடை முழுக்க. "விலையை எழுதி ஒட்டிட்டா அப்புறம் நான் எதுக்கு, நீ எதுக்கு, வர்றவனுக்கும் நமக்கும் நடுவுல பேச என்னடா இருக்கு?" என்று கத்தினார், நகத்தாலேயே ஒவ்வொன்றாகச் சுரண்டினார், "இந்தக் கடை வாசலை இனி மிதிக்காதே" என்றார். ஹுசைன் குடையை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாளில் காய்ச்சல். அவர் தலைக்குள் கடைசியாக இறங்கிய சரக்கு அதுதான், அதற்குப் பிறகு கதவு அடைத்துவிட்டது, அதனால் யாக்கூபுக்கு என்றென்றைக்கும் அது முந்தாநாள். இன்னும் பெட்டி மூலைகளைச் சுரண்டுகிறார், சீட்டு ஒன்றும் இல்லை, பசையின் கறைதான் இருக்கிறது.

ஹுசைனா விடுகிற ஆள். அவனுக்கு அண்ணன் என்றால் காக்கா, காக்கா கண் திறந்தார் என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்தான், பார்த்ததும் இவர் சீறினார், அவன் கெஞ்சினான், பத்து நிமிஷத்தில் சமாதானம், கட்டிக்கொண்டு அழுதார்கள், கால் மணி நேரத்தில் இவர் நிமிர்ந்து பார்த்து, "நீ எங்கடா வந்தே, வாசலை மிதிக்காதேன்னு சொன்னேன்ல?" அன்று ஆரம்பித்தது, பத்து மாதம், ஞாயிறு லீவு இல்லாமல் தினமும் வந்து மன்னிப்புக் கேட்டான். கேட்கிற விதமே ஒரு நாடகம் ஆகிவிட்டது, அவனுக்குப் பாடமாகிவிட்டது, அவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு. "சீட்டெல்லாம் கிழிச்சுட்டேன் காக்கா." "கிழிச்சாப் போதுமா, ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் தலை வைக்காதே." "ஒரு மாசமா, ஒரு வாரம்." "வாரமா! இருபது நாள்." "பத்து." "பத்தா, உனக்கு வெட்கமா இல்ல?" "சரி, எட்டு." "ஏத்தச் சொன்னா இறக்கிச் சொல்றான் பார் இவன்..." அங்கே இவருக்குச் சிரிப்பு வந்துவிடும், "போடா, டீ சொல்லிட்டு வா." ஹுசைன் போகிற போக்கில் அவள் காதில் கிசுகிசுப்பான், "நேத்து ஒம்பது நிமிஷம் மச்சி, இன்னிக்கு ஏழு, நல்லா முன்னேறிட்டேன்." அப்படிப்பட்டவன் ஒருநாள் உட்லண்ட்ஸ் ரயில் நிலையத்துப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. எட்டு மாதமாகிறது.

மையத்துக்குத் தோள் கொடுத்தார் யாக்கூப். தம்பி முகத்தைத் திறந்து காட்டியபோது அவர் அழுத அழுகையை முனீரா தன் காதிலிருந்து இன்னும் எடுக்க முடியவில்லை. அடக்கிவிட்டு வேனில் வரும்போது ஆரிஃபைப் பார்த்து, "யாருப்பா மவுத்து? நாம எங்க போய்ட்டு வர்றோம்?" என்று கேட்டாராம். சொன்னான், அழுதார், மறந்தார், கேட்டார், வீட்டில் முனீரா சொன்னாள், மறுபடி முதலிலிருந்து, அதே கத்தல், அதே பெயர், தலையைச் சுவரில்... மூன்று தடவை. தம்பியை ஒரே நாளில் மூன்று தடவை பறிகொடுத்தார். நாலாவது தடவை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் முந்திக்கொண்டாள், "ஹுசைன் ஜோகூர் போயிருக்கான், கடல்பாலத்துல ஜாம்." யோசித்துச் சொன்னதில்லை, வாய்க்கு வந்தது. இந்த ஊரில் இதைவிட நம்பும்படியான பொய் வேறு ஏது, எல்லை தாண்டுகிற அந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டவனை யாரும் நேரம் குறித்து எதிர்பார்ப்பதில்லை, இரண்டு மணி நேரமும் ஆகும், ஆறு மணி நேரமும் ஆகும். எட்டு மாதமாக ஹுசைன் அந்தப் பாலத்தில்தான் நிற்கிறான்.

மழை இறங்கிவிட்டது. முனீரா பேனாவை எடுத்து ஆறாவது கோட்டில் வைத்தாள், "ஹுசைன்" என்று எழுதினாள், நின்றாள். ஹுசைன் மவுத்தாகிவிட்டான். அவ்வளவுதானா? வாசலை மிதிக்காதே என்று சொன்னதோடு நிற்கிற மனுஷருக்கு அதற்கடுத்த வரியாக இதைப் போட்டால் என்ன ஆகும், நான் விரட்டினேன், அவன் செத்தான், இரண்டே வரி, நடுவில் பத்து மாதம் காணாமல் போய்விடும், அந்த முன்னூறு மன்னிப்பும். சரி, அப்படியானால் ஹுசைன் மன்னிப்புக் கேட்டான், நீங்கள் மன்னித்தீர்கள், பிறகு மவுத்தானான். ஒரு வரிக்கு மேல் போகிறது, ஏழாவது கோட்டையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வாரத்துக்கு ஒன்றுதான் இறக்குவார்களாம், நடுவில் அந்த ஒரு வாரம்? முதலில் மன்னிப்பை வைத்தால்... "நான் எப்போது மன்னித்தேன்" என்று தேடுவாரே, தேடினால் ஒன்றும் இருக்காதே, தான் கொடுக்காத மன்னிப்பு தன் கணக்கில் எழுதியிருந்தால் எந்த வியாபாரி ஒப்புக்கொள்வான்? ஒப்புக்கொள்வாராம், அதுதான் நிவேதிகா சொன்னதிலேயே பயங்கரமானது. முனீரா சும்மா கேட்டு வைத்தாள், "ஏம்மா, நான் பொய்யை எழுதிக் கொடுத்தா?" அந்தப் பெண் சிரிக்காமல், "மெஷினுக்கு அது தெரியாது ஆன்ட்டி. அங்கிளுக்கும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான், அதனாலதான் ஃபேமிலிகிட்ட கையெழுத்து வாங்குறோம்." அப்படியென்றால் ஹுசைன் ஜோகூரில் நன்றாக இருக்கிறான், அங்கேயே வீடு வாங்கிவிட்டான் என்றுகூட எழுதலாம். எழுதலாம்தான். கையும் அரித்தது. பிறகு ஒருநாள் அவன் பெண்சாதி அழுது கருத்த கண்களோடு வீட்டுக்கு வருவாளே, அவளிடம், "ஹுசைன் ஜோகூர்ல சௌக்கியமா?" என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்பார், அந்தச் சிரிப்பு இனி என்றைக்கும் மாறாது, ரிட்டர்ன் கிடையாது. ஒன்றுமே எழுதாமல் விட்டால்? விட்டால் பாலம்தான். தான் இருக்கிறவரை சொல்வாள், பிறகு ஆரிஃப் சொல்வானா, அவனுக்குப் பொய் சொல்லும் பொறுமை கிடையாது, உண்மை சொல்லும் பொறுமையும் கிடையாது.

நாலு ஐம்பது. நனைந்துகொண்டு ஓடி வந்த ஒருவர் சின்னக் கைப்பெட்டி ஒன்றை எடுத்தார், நாற்பது வெள்ளி என்றார் யாக்கூப். சொன்னதும் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார், அது அவருடைய பாணி, முனீராவின் வாப்பாவும் அப்படித்தான், குடை வியாபாரி, விலையைச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார், சொன்னவன் அடுத்த வார்த்தை பேசிவிட்டால் போச்சு, வாங்குகிறவன் பேச வேண்டும், ஆனால் கண்தான் மேலே இருக்கும், காது அவன் காலடியில் இருக்கும், அவன் அரை அடி நகர்ந்தால் தெரியும். அந்த ஆள் முப்பது என்றார், போணி என்று யாக்கூப் உடனே தலையாட்டினார், பிஸ்மில்லா, கண்ணில் ஒற்றல், மலர்ச்சி, எல்லாம். ஆள் போனார். முனீரா தாளுக்குத் திரும்பினாள். ஹுசைன் என்ற பெயருக்குப் பின்னால் பேனா முனை மையைக் கசியவிட்டு ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.

"அந்தப் பய வந்தானா?"

எட்டு மாதமாக ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை கேட்கிற கேள்வி, தலை நிமிராமலே பதில் சொல்லிப் பழகிவிட்டாள், "ஜோகூர் போயிருக்கான் மச்சான், பாலத்துல ஜாம்." "அங்கேயே கிடக்கட்டும்" என்பார் அவர், இன்றும் சொன்னார், கோபக்காரர் என்று நினைப்பாள், தம்பி போய்ச் சேர்ந்தும் இவர் கோபம் போகவில்லையே என்று கணக்கு நோட்டைப் புரட்டுவாள். இன்று ஏனோ தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டாள். யாக்கூப் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இறுக மூடியிருந்தது. காது மட்டும் வாசலில் இருந்தது.

யா அல்லா. விலை சொல்லியிருக்கிறார் இந்த மனுஷர். வாசலை மிதிக்காதே என்பது விலை. முதலில் சொன்ன விலை, அதை யார் அப்படியே வாங்கிக்கொள்வார்கள், ஹுசைனுக்கு அது தெரிந்திருந்தது, அதனால்தான் தினமும் வந்து ஒரு வாரம் என்றான், பத்து நாள் என்றான், எட்டு என்றான், அவளும் பக்கத்தில்தானே நின்றாள், வேடிக்கை என்று டீ ஆற்றிக்கொண்டு நின்றாள், வியாபாரி மகள், வியாபாரி பெண்சாதி, இது தெரியவில்லையே. கோபம் எங்கே இருக்கிறது, பேரம் பாதியில் நிற்கிறது, விலையைச் சொல்லிவிட்டு எட்டு மாதமாக அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், எதிராளி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொன்னால் இறங்கத் தயாராக இருக்கிறார், இறங்குவதற்குத்தானே விலை சொல்வது... இதை எந்த வரியில் எழுதுவது? எதிராளி இல்லை என்று எழுதினால் சொன்ன விலை அப்படியே நின்றுவிடும். எழுதாவிட்டால் கழுத்து வலிக்க இவர் மேலே பார்த்துக்கொண்டே இருப்பார்.

"மச்சான்," என்றாள், "ஹுசைன் வந்தா என்ன சொல்வீங்க?"

"நான் சொல்லியாச்சு" என்றார், மின்விசிறியிடம். "இனி அவன்ல சொல்லணும்."

நான் சொல்கிறேன் அவனுக்குப் பதிலாக, எட்டு நாள் மச்சான், எட்டு நாளா முடிச்சுக்குவோம், என்று சொல்ல நாக்கு எழுந்தது. யார் சொன்னா என்று கேட்பார். என்ன சொல்வாள்? அதற்குள் வாசல் படியில் காலடிச் சத்தம், ஈரச் செருப்பு சளக்கென்று படியை மிதித்தது, குடையை உதறி மடக்குகிற ஓசை, இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் சட்டென்று வாசல் பக்கம் திரும்பின. நிவேதிகா. "சாரி ஆன்ட்டி, செம மழை லா" என்று சிரித்துக்கொண்டு நின்றாள். யாக்கூபின் முகம் ஒரு கணம்கூட வாடவில்லை, "வாங்கம்மா வாங்க, போணி நேரத்துல வந்திருக்கீங்க" என்று எழுந்தார். முனீராவுக்குத்தான் எழ முடியவில்லை. ஹுசைன் முகத்தைத் திறந்து காட்டியபோது பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றவள் அவள், கற்பூர வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது, அவளுக்கு யாரும் கம்பி வைத்து இறக்கவில்லை, அவளுக்குத் தெரியும், இந்த உலகத்தில் எதெல்லாம் தெரியுமோ அதையெல்லாம்விட நன்றாகத் தெரியும், அப்படியிருக்க அந்தக் குடையை உதறுகிற சத்தத்துக்கு அவள் கழுத்து ஏன் அப்படித் திரும்பியது...

"முடிச்சுட்டீங்களா ஆன்ட்டி?" என்று நிவேதிகா கையை நீட்டினாள். முனீரா கால்குலேட்டரை மெல்ல எடுத்தாள். ஆறாவது கோட்டில் ஹுசைன் என்ற பெயர் மட்டும் நிற்க, தாள் மின்விசிறிக் காற்றில் ஒரு ஓரம் எழும்பி, படிந்து, மறுபடி எழும்பியது.